ஹுவாங்சி கசாயத்தில் புழுக்கள் கூடுதல் நாள் வாழ்கின்றன: நம்பலாமா?

கொழும்பு7_மாணவி:
இறுதியாண்டு ஆய்வு. புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் தருவித்துத் தந்த ஹுவாங்சி (அஸ்ட்ராகலஸ் என்ற சீன மூலிகை) வேரைக் கசாயமாக்கி, உறைய வைத்து உலர்த்திய தூளை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, சி. எலிகன்ஸ் என்ற நுண்ணிய ஆய்வகப் புழு வளரும் அகார் கூழில் கலந்தேன். தீனி, ஓபி50 எனப்படும் உயிருள்ள ஈ. கோலை பக்டீரியா. சாறு கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழுவை விடப் புழுக்கள் சில நாட்கள் கூட வாழ்கின்றன. முதுமை தாமதமாகிறது என்று எழுதலாமா?

நுணுக்குக்காட்டி:
இப்போதைக்கு எழுதாதீர்கள். சாறு பக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுத்தால் புழுவுக்குத் தீனி குறையும்; அரைவயிற்றுப் புழு மருந்தில்லாமலே நீண்ட நாள் வாழும். ஓபி50ஐ அதே செறிவுச் சாற்றில் இரவு முழுக்க வளர்த்து, 600 நானோமீற்றரில் ஒளியடர்த்தி பாருங்கள்; சாறில்லாததை விடக் குறைந்தால் வளர்ச்சி தடைப்படுகிறது. பிறகு 65 பாகையில் 30 நிமிடம் சூடாக்கிக் கொன்ற பக்டீரியாவைக் கொடுத்து முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். கொன்றதில் ஒரு சொட்டை எல்பி (பக்டீரியா வளர்க்கும் ஊடகம்) தட்டில் பரப்பி, மறுநாள் ஒரு கொலனிகூட முளைக்கவில்லை என்று கண்ட பிறகே தொடங்குங்கள்.

புழுவின் தொண்டைத் துடிப்பையும் எண்ணுங்கள். நன்றாகத் தின்னும் இளம் புழுவில் 30 விநாடிக்கு 100க்கு மேல் வரும். சாறு கொடுத்ததில் அது சரிந்து, உடலும் மெலிந்து வெளிறியிருந்தால் நீங்கள் அளந்தது பட்டினியைத்தான். டிஎம்எஸ்ஓவும் தனியே ஆயுளைக் கூட்டக்கூடியது. 0.1 வீதத்தைத் தாண்டாமல், கட்டுப்பாட்டுத் தட்டிலும் அதே அளவு விடுங்கள்.

வேரடி:
பையில் இருப்பது ஹுவாங்சிதானா என்பதையும் பாருங்கள். குறுக்கு வெட்டில் வெளிவட்டம் வெளிர், நடு மஞ்சள், ஆரக்கோடுகள் பூவிதழ் போல விரியும். மென்றால் லேசான இனிப்பும் பச்சை அவரை மணமும் வரும். தோல் சிவந்திருந்தால் ஹெடிசாரம் என்ற வேறு செடியின் வேராக இருக்கலாம். புளித்த நெடியும் மிதமிஞ்சிய வெண்மையும் கந்தகப் புகை போட்டதைக் காட்டும். மெல்லடுக்கு நிறப்பகுப்பில் (சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் முறை) ஹுவாங்சியின் அடையாளச் சேர்மமான அஸ்ட்ராகலோசைட் 4இன் தூய நியம மாதிரியோடு ஒப்பிட்டு, ஒரு துண்டை மாதிரியாக எடுத்து வையுங்கள்.

கசாயத்தில் பல்சக்கரைட்டுகளும் (நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள்) சீனியும் நிறைய இருக்கும். குளுக்கோஸ் கூடினால் புழுவின் ஆயுள் குறையும், ஆகவே கலவையாகக் கொடுத்தால் எது என்ன செய்தது என்று பிரிக்க முடியாது. செறிந்த கசாயத்தில் 4 மடங்கு எத்தனோல் விட்டு, 4 பாகையில் இரவு முழுக்க வையுங்கள். பல்சக்கரைட் அடியில் படியும், அஸ்ட்ராகலோசைட் போன்ற சப்போனின்கள் மேலே நிற்கும். இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.

தட்டு_எண்ணி:
கொழும்பு வெயிலில் குளிரூட்டும் இன்கியூபேட்டர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். மின்வெட்டில் 20 பாகை 28 ஆனால் ஆயுள் சுருங்கும், முட்டையும் கெடும். வெப்பநிலைப் பதிவுக் கருவி ஒன்றை உள்ளேயே வையுங்கள். ஒரு குழுவுக்கு 100 புழுவாவது, மூன்று தனித்தனிச் சுற்றுகள். எண்ணுபவருக்கு எந்தத் தட்டு எதுவென்று தெரியக்கூடாது.

கொழும்பு7_மாணவி:
அப்படியானால் முதல் சுற்றுத் தரவை எறிந்துவிடவா?

தட்டு_எண்ணி:
வேண்டாம், முன்னோட்டமாக வைத்திருங்கள். தட்டின் ஓரத்தில் ஏறிக் காய்ந்தவை, வயிற்றுக்குள் குஞ்சு பொரித்தவை, யோனி வெடித்தவை எல்லாவற்றையும் இறப்பாகப் பதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அவை முதுமை இறப்பல்ல; அந்த நாள் வரை உயிரோடிருந்ததாகக் கணக்கிட்டு, அதோடு விலக்கப்பட வேண்டியவை. திருத்திவிட்டு இரு குழுக்களின் ஆயுளை ஒப்பிடும் லொக்-ராங்க் புள்ளியியல் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.