பக்கத்து வீட்டில் 'பொம்' குடும்பம்: உங்கள் ஏரியாவில் எப்படி?

பட்லர் பாண்டியன்

பெர்த் வடக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பட்லர், மிண்டாரி, ஜிண்டாலி எங்கே திரும்பினாலும் இங்கிலாந்துக் குரல்தான். ஆஸ்திரேலியாவில் இவர்களுக்குப் பட்டப்பெயர் 'பொம்'. எங்கள் தெருக்கோடியில் ஒரு பூங்கா. ராத்திரி பத்து மணிக்கு மேல் பையன்கள் அதில் டர்ட் பைக் ஓட்டுகிறார்கள். நம்பர் பிளேட் கிடையாது, ஹெல்மெட் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கு எல்லாமே "இந்த பொம்கள் வந்ததிலிருந்துதான்". குப்பைத் தொட்டி கவிழ்ந்தால் பொம், பஸ் ஸ்டாப் கண்ணாடி உடைந்தால் பொம். அதை வேலி ஓரமாக வந்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொல்வார். கடைசியில் "உங்க ஆட்கள் இப்படி இல்லை" என்று ஒரு சான்றிதழ் வேறு.

போன மாதம் பொறுக்க முடியாமல் போலீசின் 131 444 எண்ணுக்கு அவரே போன் செய்தார். வந்த கான்ஸ்டபிள் வாயைத் திறந்ததும் சுத்தமான லிவர்பூல் பேச்சு! இங்குள்ள போலீஸ் பிரிட்டனுக்கே போய் ஆள் எடுக்கிறார்கள், தெரியும்தானே. பெரியவர் கையை நீட்டி "அந்த வீட்டு..." என்று ஆரம்பித்தவர் நடுவில் விழுங்கிவிட்டு, "அந்த வீட்டுப் பசங்கதான்" என்று முடித்தார். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவங்களும் என்னை மாதிரிதான் பேசுவாங்களா?" என்று கேட்டார்.

பெரியவர் உடனே திரும்பி என்னைப் பார்த்தார். ஏதோ நான் பதில் சொல்ல வேண்டும் என்பது போல. நான் என்ன சாட்சியா, வக்கீலா? போலீஸ் போன பிறகு "இவன் பரவாயில்லை, நல்ல பையன்" என்றார். அந்தப் பார்வைதான் மண்டைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கூஜீ கடற்கரை

எனக்கு 2016 கிறிஸ்துமஸ்தான் ஞாபகம் வருகிறது. சிட்னிக்காரர்களுக்குத் தெரியும். கூஜீயில் ஆயிரக்கணக்கில் கூடிக் குடித்துவிட்டு டன் கணக்கில் குப்பையைப் போட்டுவிட்டுப் போனார்களே, அது. செய்தியில் 'பேக்பேக்கர்கள்' (முதுகுப்பையோடு ஊர்சுற்றும் இளைஞர்கள்) என்று பொதுவாகத்தான் எழுதினார்கள். தெருவில் எல்லாரும் 'பிரிட்டிஷ் பசங்க' என்றே பேசினார்கள்.

மறுநாள் விடியற்காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் பார்த்தேன். புல்லே தெரியவில்லை. பாட்டில், சிவப்புத் தொப்பி, பீட்சா அட்டை, அதன் மேல் கடற்புறாக்கள். தினமும் நீந்த வரும் ஒரு வயதான அம்மா, நீச்சல் உடையிலேயே, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பையன் தூங்கி எழுந்தான். முதுகெல்லாம் வெயிலில் வெந்து தக்காளி நிறம். எழுந்தவன் ஒன்றும் சொல்லாமல் அவரோடு சேர்ந்து பொறுக்க ஆரம்பித்தான். அந்த அம்மா, "நீ பொறுக்க வேண்டாம், வீட்டுக்குப் போ" என்றார். அவன் நிஜமாகவே குழம்பிப்போய், "எந்த வீட்டுக்கு? ஹாஸ்டலுக்கா, லீட்ஸுக்கா?" என்று கேட்டான்.

அந்த அம்மா சிரிக்கவே இல்லை. நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். அப்புறம் கவுன்சில் அந்தக் கடற்கரையில் குடிக்கத் தடை போட்டது எல்லாம் நீங்கள் படித்ததுதான்.

எலிசபெத் குடியிருப்போன்

பாண்டியன் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கதை சுவாரசியம்தான். ஆனால் இந்தத் தலைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. பைக் ஓட்டுவது பதினைந்து வயதுப் பையன். அவன் பட்லரிலேயே பிறந்தவனாக இருக்கலாம். அப்பா இங்கிலாந்தின் நியூகாசில் என்றால் பையனும் பொம்மா? அப்படியென்றால் என் மகள் மதுரைக்காரியா?

நான் அடிலெய்டில் எலிசபெத் பக்கம் இருக்கிறேன். 1955-இல் அரசு வீட்டு வாரியம் பொட்டல் வயலில் கட்டிய ஊர், பேரே ராணியின் பேர். அறுபதுகளில் கப்பலில் வந்து இறங்கிய பிரிட்டிஷ்காரர்களைக் கொண்டுவந்து இங்கேதான் குடிவைத்தார்கள். ஹோல்டன் கார் ஆலையில் வேலை, வாடகைக்கு வீடு. 2017 அக்டோபர் 20-ஆம் தேதி ஆலைக் கதவை மூடினார்கள். அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே ஆட்களைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். வேலை போன ஊரில் பையன்கள் ராத்திரியில் என்ன செய்வார்கள், திருக்குறளா ஒப்பிப்பார்கள்? ஆனால் நகரத்துக்காரர்களிடம் கேளுங்கள், "எலிசபெத்தா? அந்தப் பொம் ஊரா?" என்று மூக்கைச் சுளிப்பார்கள். கார் திருட்டு என்றால் எலிசபெத், சண்டை என்றால் எலிசபெத். வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு ஒரு நாட்டின் பெயரை ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதே ஊரில் வளர்ந்தவர்தான் பாடகர் ஜிம்மி பார்ன்ஸ், கிளாஸ்கோவிலிருந்து வந்த குடும்பம். ஜூலியா கில்லார்ட் வேல்ஸில் பிறந்து குழந்தையாக அடிலெய்டுக்கு வந்தவர். டோனி அபாட் லண்டனில் பிறந்தவர். இரண்டு பேருமே இங்கே பிரதமராக இருந்தவர்கள்! அவர்களை யாரும் பொம் என்று வேலி ஓரம் கிசுகிசுப்பதில்லை. பணம் இல்லாத பொம்தான் பொம்.

என் அனுபவம் கேட்டீர்கள் அல்லவா, சின்னதுதான். வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது ஏஜென்ட், "இந்தத் தெருவில் பழைய ஆங்கிலக் குடும்பங்கள் இருக்கின்றன, பரவாயில்லையா?" என்று கேட்டார். என்னிடம்! அந்தக் குடும்பங்களிடம் போய் என்னைப் பற்றி என்ன கேட்டிருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம் ஈசன்

எங்களுக்கு யாழ்ப்பாணம். பிறகு லண்டன் ஈஸ்ட்ஹாம், இப்போது மெல்பேர்ணில் பெரிக் பக்கம். இங்கு வந்து முதல் மாதமே நடந்தது இது. மகனின் ஃபுட்டி (ஆஸ்திரேலிய ஃபுட்பால்) பயிற்சி, சனிக்கிழமைக் காலை. வாகனம் விட இடமில்லை, யாரோ நடைபாதையை மறித்து நிறுத்திவிட்டார்கள். நான் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அங்கே நின்ற ஒரு தகப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார். வழமையான கேள்வி வரப்போகுது, "நீ எங்கேயிருந்து" என்று கேட்கப்போகிறார் என்று தயாராக நின்றேன். அவர், "அட, ஒரு பொம்! வந்ததும் புலம்பத் தொடங்கியாச்சு!" என்றார்.

சுற்றி நின்றவை எல்லாரும் சிரித்தார்கள். என்ர மனைவி இன்னும் சிரிக்கிறா. லண்டனில் அத்தனை வருஷம் இருந்தும் என்னை ஒருத்தரும் இங்கிலீஷ்காரன் என்று சொன்னதில்லை. பாஸ்போர்ட் கையில் இருந்தும் சொன்னதில்லை. இங்கே வந்து வாகனத் தரிப்பிடத்துக்கு முறைப்பாடு வைத்ததும் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா? அதற்குப் பிறகு அந்தத் தகப்பனோடு நல்ல சிநேகம். ஆஷஸ் (இங்கிலாந்து-ஆஸ்திரேலியா கிரிக்கெட்) நேரத்தில் மட்டும் கதைக்க மாட்டேன். 2023-இல் இங்கிலாந்தின் பெயர்ஸ்டோவை லார்ட்ஸில் ஸ்டம்ப் பண்ணினபோது அவர் எனக்கு ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிய மெசேஜ்களை இங்கே போட முடியாது.

சட்டம் தெரிஞ்சவன்

பாண்டியன், நானும் பெர்த்தான், ராக்கிங்ஹாம். எங்கள் தெருவிலும் இதே கதை: பார்ட்டி சத்தம், பாட்டில் வீச்சு. ஒருமுறை என் கார் கண்ணாடியே போனது. சரி, அதை விடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

உயிருக்கு ஆபத்து, இப்போதே நடக்கிறது என்றால் 000. மற்றபடி 131 444. போன் செய்யும்போது "பொம் பசங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. நிறம், உடை, பைக் நிறம், எந்தப் பக்கம் போனான், இதுதான் அவர்களுக்கு வேண்டும். குறிப்பு எண் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார் காற்றில் போன புகார்.

பாட்டுச் சத்தம், மெஷின் சத்தம் மாதிரி விஷயம் கவுன்சில் பொறுப்பு. இங்கே சத்தத்துக்கென்றே 1997-ஆம் வருஷ விதிமுறை இருக்கிறது. இரவு பத்து முதல் காலை ஏழு வரை, ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் என்றால் ஒன்பது வரை, அனுமதி அளவு ரொம்பக் குறைவு. ஒரு நோட்டில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது எல்லாம் எழுதுங்கள். கவுன்சில் ஆள் முதலில் கேட்பது அதைத்தான்.

பைக் விஷயம் தனி. பதிவு செய்யாத டர்ட் பைக்கைப் பூங்காவில் ஓட்டக் கூடாது, போலீஸ் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் எனக்குத் தெரிந்த நல்ல வழி வேறு. உங்களுக்குப் பக்கத்திலேயே பின்ஜாரில் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதைப் பையனின் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அந்த இடம் இருப்பதே தெரியாது, புதிதாக வந்த குடும்பம் வேறு.

பையன்களை மொபைலில் வீடியோ எடுத்து ஏரியா குழுவில் போடாதீர்கள். அது வேறு வம்பு. வேலிச் சண்டையாக முற்றினால் சமரசம் பேசும் சேவைகள் இருக்கின்றன, கோர்ட் கடைசி. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா தனியாக வீட்டில் இருந்தால் 131 450 எண்ணை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். அப்புறம் கேமரா வைப்பதென்றால் உங்கள் வாசலைப் பார்த்தபடி மட்டும் வையுங்கள், எதிர் வீட்டு ஜன்னல் தெரியக்கூடாது. அந்தப் பெரியவரையும் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருவர் புகாரைவிட இருவர் புகாருக்குக் கனம் அதிகம்.

பட்லர் பாண்டியன்

அண்ணே, ரொம்ப நன்றி. ஆனால் நான் பைக்கை நிறுத்த வழி கேட்கவில்லை. பெரியவர் ஏன் என்னைப் பார்த்தார் என்பதுதான் என் பிரச்சினை!

எலிசபெத் தம்பி, தலைப்பு நான் வைத்தது, மாட்டேன் என்று சொல்லவில்லை, மாற்றத் தெரியவில்லை. ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பையன் பேசுவதைப் பிறகு கேட்டேன், அசல் பெர்த் பேச்சு. ஆனால் எல்லாவற்றையும் வறுமை என்று மூடிவிட முடியாது. பட்லரில் அந்த வீட்டு வாசலில் படகு நிற்கிறது, இரண்டு யூட் (பிக்கப் வண்டி) நிற்கிறது. வேலை போன வீடு இல்லை அது.

எலிசபெத் குடியிருப்போன்

படகு இருக்கிற வீட்டுப் பையன் செய்தால் அது குறும்பு, பஸ்ஸில் போகிற வீட்டுப் பையன் செய்தால் அது 'சமூக விரோதம்'. இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

அடிலெய்ட் அக்கா

உங்கள் சண்டை நடுவில் என்னுடையதும் ஒன்று. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு பாட்டி, பிரிட்டனிலிருந்து பத்து பவுண்டு குடியேற்றத் திட்டத்தில் வந்தவர். பெரியவர்களுக்குத் தலைக்கு பத்து பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம். இரண்டு வருஷத்துக்குள் திரும்பிப் போனால் பயணச் செலவைக் கட்ட வேண்டும். ஃபின்ஸ்பரி ஹாஸ்டலில் வளைந்த தகரக் குடிசையில் கைக்குழந்தையோடு ஒரு கோடைக்காலம் முழுக்க இருந்திருக்கிறார். தினமும் ஆட்டுக்கறி, அதுவும் வேகாமல். மார்க்கெட்டில் ஒருமுறை "ரொட்டி பழசா இருக்கே" என்று கேட்டதற்கு, கடைக்காரர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பிடிக்கலைன்னா வந்த கப்பலிலேயே போ" என்றாராம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் பாட்டிக்குக் கழுத்து சிவக்கும்.

அதைச் சொன்ன அதே மதியம், என் டிபன் பாக்ஸைத் திறந்தேன். கத்திரிக்காய் சாம்பார்தான். பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க ஆட்கள் எங்கே போனாலும் வாசனையையும் தூக்கிட்டு வந்துடறீங்க" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சக ஊழியர் ஒரு ஆஸ்திரேலியப் பெண், பாட்டிக்குக் கேட்காமல் என்னிடம், "பொம்கள் இப்படித்தான், மனசில் வைக்காதே" என்றாள். எனக்கு எதைக் கேட்டுக் கோபம் அதிகம் வந்தது என்று இப்போதுகூடச் சொல்லத் தெரியவில்லை.

கூஜீ கடற்கரை

அக்கா, அந்தப் பாட்டி திரும்பிப் போகவே இல்லையா?

அடிலெய்ட் அக்கா

போனாராம். இரண்டு வருஷம் முடிந்த மறுவாரமே கப்பல். மான்செஸ்டரில் ஒரு குளிர்காலம் தாங்கவில்லை, வீட்டுக்காரருக்கு வேலையும் கிடைக்கவில்லை. மறுபடி இங்கேயே. அந்தக் காலத்தில் அப்படிப் போய்த் திரும்பியவர்கள் நிறைய. சாம்பார் வாசனையைத் தவிர வேறு குறை இப்போது சொல்வதில்லை. நேற்று ரசம் கொண்டுபோனேன், சளி என்று கேட்டு வாங்கிக் குடித்தார். மிளகு அதிகம் என்று புகார்.