மறு: குளோமருலசுக்குத் தமிழ் – ‘வடிகண்டு’ சரிவருமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

> ‘குருதி முடிச்சு’ என்றே வைத்துக்கொள்ளலாம். எளிமையானது.

குளோமருலசு என்பது சிறுநீரகத்தில் குருதியை வடிக்கும் நுண்நாளச் சுருள். அதற்கு நீங்கள் சொன்ன பெயர் எளிமைதான். ஆனால் இங்கே காரைக்குடியில் ஒரு நோயாளியிடம் ‘முடிச்சு’ என்று சொல்லிப் பாருங்கள். சிறுநீரகத்தில் கட்டி என்று நினைத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்வார். இலத்தீன் மூலத்துக்குச் ‘சிறு நூலுருண்டை’ என்று பொருள். கண்டாங்கி நெய்யும் ஊரில் நூலுக்கா சொற்பஞ்சம்? தளர்வாக வளையமிட்டது சிட்டம். இறுகச் சுற்றியது கண்டு. ‘கண்டு’ தனியே நின்றால் வினையெச்சமாகி வாக்கியத்தைக் குழப்பும். எனவே, வடிக்கும் கண்டு: வடிகண்டு.

திசு ஆய்வில் தெரியவரும் சிறுநீரக நோய்கள் எப்படி மாறிவந்திருக்கின்றன என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த அவசரம். ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் வடிகண்டுகள். திசு ஆய்வுக்காகக் குத்தும் ஊசியில் வருவதோ பத்து, இருபது. அவற்றுள் சிலவற்றில் மட்டும், அதிலும் ஒரு பகுதி மட்டும் தழும்பேறும் நோய் ஒன்று உண்டு. ஆங்கிலப் பெயரிலுள்ள ‘focal’ என்ற சொல்லைப் பார்த்து அதைக் ‘குவியத் தழும்பு’ என்று பெயர்க்கத் தோன்றும். லென்சின் குவியத்துக்கு இங்கே என்ன வேலை? ‘சிலகண்டுப் பகுதித் தழும்பு’ என்றால் பெயரிலேயே நோய் தெரிகிறது.

தலைப்பில் ‘நோய்ப்பரவல்’ என்று போட மாட்டேன். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் கெட்டால், பெரும்பாலும் ஊசி குத்தாமலே மருத்துவர் முடிவுசெய்துவிடுகிறார். ஊரில் மிகுந்த நோய் ஆய்வகப் பதிவேட்டில் மெலிந்து நிற்கும். ஐஜிஏ என்னும் எதிர்ப்புப் புரதம் வடிகண்டுகளில் படியும் ஐஜிஏ நோய் இதற்கு நேர்மாறு. 1968இல் பிரெஞ்சு மருத்துவர் பெர்ஜே விவரித்த அது, ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தால்தான் உறுதிப்படும். ஆய்வகத்துக்குச் சாயம் வந்த ஆண்டிலிருந்து நோயும் ‘கூடும்’. அதனால் ‘திசுவழி நோய்ப்பாங்கு’ என்று வைத்திருக்கிறேன்.

---

அன்புத் தம்பிக்கு,

நோய்ப்பாங்குக்கு மறுப்பில்லை. வடிகண்டில்தான் ஒரு நெருடல்: நூற்கண்டு ஒற்றை இழை, இங்கே உள்ளே வரும் நாளம் பல இழைகளாகப் பிரிந்து, மீண்டும் ஒன்றுகூடி வெளியேறுகிறது. ஆனாலும் இலத்தீன்காரர் பொறுத்துக்கொண்டதை நாமும் பொறுத்துக்கொள்ளலாம்.

‘சிலகண்டு’ மட்டும் வேண்டாம். ‘சில கண்டு அஞ்சினான்’ என்பதுபோல் வாசிக்க இடமிருக்கிறது. தனிக் ‘கண்டு’ கூடாது என்று சொன்னவரே அடுத்த பத்தியில் அதைத் தனியே விட்டுவிட்டீர்கள். ‘சிலவடிகண்டு’ என்றே முழுதாக எழுதுங்கள்.