பாலைத் தீவுக்கு வெட்சூட் எதற்கு? ஃபுயெர்தெவெந்துரா அலைச்சறுக்குப் பயணம் பற்றி ஒரு மறுப்பு

வடகரை:
பிப்ரவரியில், ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான ஃபுயெர்தெவெந்துராவுக்கு அலைச்சறுக்கப் போகும் ஒருவருக்கு, "அது சகாராவின் வாசலில் கிடக்கும் பாலைத் தீவு, ஆண்டு முழுவதும் வெயில், வெட்சூட் (குளிர்நீரில் அணியும் ரப்பர் உடை) வீண் சுமை, அரைக்கால் சட்டையும் பலகையும் போதும்" என்று குளிராதவன் நேற்று வேறோர் இழையில் அறிவுரை வழங்கியிருக்கிறார். அதற்குப் பலர் நன்றியும் சொல்லியிருப்பதால்தான் இதைத் தனியாக எழுத வேண்டியதாயிற்று. தீவு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் இருக்கிறது என்பதிலும், அங்கே மழை அரிது என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாம் சறுக்கப் போவது மணலில் அல்ல, கடலில். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தக் கடல்நீர் 18 முதல் 19 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். வடக்கிலிருந்து இறங்கிவரும் கேனரி நீரோட்டம் குளிர்ந்தது. தீவு வறண்டு கிடப்பதற்கு அந்தக் குளிர்ந்த நீரும் ஒரு காரணம். ஆகவே, பாலை என்பதால் நீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்பது பாடத்தைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

குளிராதவன்:
நீரோட்டப் பாடத்துக்கு நன்றி, ஆசிரியரே. நான் பிப்ரவரியில் தீவின் வடமுனை ஊரான கொர்ரலேஹோவில் அரைக்கால் சட்டையுடன் சறுக்கியவன். இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். 19 டிகிரி என்பது குளிரே அல்ல. குளிர் என்றால் வடக்கு ஐரோப்பியர்கள் குளிர்காலம் முழுவதும் அங்கே ஏன் குவிகிறார்கள்?

வடகரை:
அவர்களில் பெரும்பாலோர் குவிவது மணலில் துண்டு விரித்துப் படுப்பதற்காக. கடலுக்குள் இறங்குபவர்கள் 3/2 அல்லது 4/3 வெட்சூட்டை (உடற்பகுதியில் 3 அல்லது 4, கைகால்களில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமன்) மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். பகல் வெப்பம் 20, 21 டிகிரியாக இருப்பதும், அலைகளுக்கிடையே பலகையில் உட்கார்ந்து காத்திருக்கும்போது நனைந்த உடம்பில் காற்று அடிப்பதும் ஒன்றல்ல. 19 டிகிரி நீரில் உடம்பு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். முதலில் கை விறைக்கும், கையால் துடுப்புப் போடும் வேகம் குறையும், எழுந்து நிற்பதில் ஒரு நொடி தாமதமாகும். மணல் கரையில் அந்த ஒரு நொடிக்கு விலை ஒரு குட்டிக்கரணம். தீவின் வடகரையிலோ அடியில் இருப்பது எரிமலைப் பாறை.

பயணப்பை:
அந்த அறிவுரை எனக்குத்தான் வழங்கப்பட்டது. நான் இன்னும் விமானச்சீட்டு வாங்கவில்லை. சறுக்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. பச்சை அலையை (இன்னும் உடைந்து நுரைக்காத அலையை) ஓரளவு பிடிப்பேன். எந்த மாதம் போவது, எங்கே தங்குவது என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

வடகரை:
அக்டோபர் முதல் மார்ச் வரை வட அட்லாண்டிக்கின் புயல்கள் வடக்கு, வடமேற்கு ஸ்வெல்லை (தொலைவிலிருந்து உருண்டுவரும் அலைத்தொடரை) அனுப்புகின்றன. கொர்ரலேஹோவிலிருந்து மஹனீச்சோ வழியாக எல் கொத்தீயோ வரை செல்லும் மண்சாலையை ஒட்டிய பாறைத்திட்டுகள் அப்போதுதான் முழுவீச்சில் இயங்கும். அவை உங்களுக்கானவை அல்ல. நீங்கள் எல் கொத்தீயோவின் தெற்கிலுள்ள மணற்கரைக்குப் போங்கள். அது மேற்கு நோக்கியது, எனவே வடகிழக்கு வணிகக் காற்று அங்கே பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு அடித்து அலையைச் செதுக்கிக் கொடுக்கும். ஆனால் ஸ்வெல் பெரிதாக இருக்கும் நாளில் அங்கும் இறங்காதீர்கள். கரையோர இழுவை கடுமையானது. அப்படிப்பட்ட நாளில் கொர்ரலேஹோவுக்குத் தெற்கே மணல்மேடுகளின் ஓரமாக உள்ள ஃபிளாக் பீச் பெரும்பாலும் அடக்கமாக இருக்கும். கோடையில் போனால் வணிகக் காற்று நாள்முழுதும் வீசும். தெற்கே சோத்தாவென்தோவில் காற்றுச்சறுக்கு (பாய்மரம் பூட்டிய பலகையில் சறுக்குவது) உலகக்கோப்பைப் போட்டிகளைக் கோடையில் நடத்துவது அந்தக் காற்றை நம்பித்தான். அது பாய்மரக்காரர்களுக்கு விருந்து, நமக்குப் பட்டினி. எந்த மாதம் போனாலும் வெட்சூட் உண்டு. கோடையில் மெல்லியது, பிப்ரவரியில் 4/3. ஏனென்றால் 19 டிகிரி.

லான்சரோத்தேப்பிரியை:
வடக்கே கொஞ்சம் தள்ளி லான்சரோத்தே என்று ஒரு தீவு இருப்பதை இங்கே யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. கற்றுக்கொள்பவருக்கு ஃபமாரா கடற்கரையைவிட அகலமான மணலை ஃபுயெர்தெவெந்துராவின் வடக்கில் காட்டுங்கள், பார்க்கலாம். அதோடு வடகிழக்கு ஸ்வெல் வந்தால் எங்கள் தீவு அதைத் தடுத்துவிடும். நீங்கள் கொர்ரலேஹோவில் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வடகரை:
உங்கள் தீவு எங்கள் அலையைத் திருடுகிறது என்பதை நீங்களே பெருமையாகச் சொல்வது அழகாக இருக்கிறது. வேண்டுமென்றால் கொர்ரலேஹோவில் படகேறி பிளாயா பிளாங்காவில் இறங்கி உங்கள் மணலைப் பார்த்துவிட்டு வரட்டும். ஃபமாராவிலும் நீர் அதே 19 டிகிரிதான், அம்மையீர்.

லான்சரோத்தேப்பிரியை:
நான் வெட்சூட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

வடகரை:
பேச வேண்டிய பொருளே அதுதான்.

குளிராதவன்:
பார்த்தீர்களா, எல்லாரையும் இப்படித்தான் மிரட்டுவார். சென்ற ஆண்டு, கால் வழுக்காமலிருக்கப் பலகையில் பூசும் மெழுகு பற்றிய விவாதத்திலும் இதே கூத்துதான் நடந்தது.

வடகரை:
நீங்களே நினைவூட்டியதற்கு நன்றி. சென்ற ஆண்டு இதே குளிராதவன், "பாலைத் தீவு என்பதால் வெப்பமண்டல மெழுகு வாங்குங்கள்" என்று எழுதினார். அலைப்பலகை மெழுகு நீரின் வெப்பநிலைக்கு ஏற்பத் தரம் பிரித்து விற்கப்படுவது, காற்றின் வெப்பநிலைக்கோ நிலத்தின் தோற்றத்துக்கோ ஏற்ப அல்ல. வெப்பமண்டல மெழுகு 19 டிகிரி நீரில் இறுகிப்போய்க் காலுக்குப் பிடிப்பே தராது. அதைக் கேட்டு வாங்கிய ஒருவர் பலகை முழுவதையும் சுரண்டி மறுபடி பூச வேண்டியிருந்ததாக இங்கேயே எழுதினார். அன்று அவர் பதில் சொல்லவில்லை. இன்று மெழுகு வெட்சூட்டாக மாறியிருக்கிறது, பிழை மாறவில்லை.

குளிராதவன்:
அந்த மனிதருக்கு மெழுகு பூசத் தெரியவில்லை என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது. 19 டிகிரி குளிர் அல்ல.

நிதானி:
ஒரு சிறு வேண்டுகோள். "குளிர்" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? அரைமணி நேரம் நீரில் இருப்பதையா, மூன்று மணி நேரம் இருப்பதையா? மெலிந்த உடம்புக்காரருக்கும் பருத்தவருக்கும் ஒரே அளவுகோலா? இதை முதலில் வரையறுத்துக்கொண்டால் பாதி விவாதம் தேவைப்படாது என்று தோன்றுகிறது.

வடகரை:
19 டிகிரிக்கு வரையறை வேண்டுமென்றால் வெப்பமானியைப் பாருங்கள்.

குளிராதவன்:
முதல்முறையாக இவரோடு உடன்படுகிறேன். வரையறை தேவையில்லை, நான் நேரில் சறுக்கியிருக்கிறேன்.

பயணப்பை:
விமான நிலையம் புவெர்த்தோ தெல் ரொசாரியோவுக்கு அருகில் இருப்பதாக அறிகிறேன். அங்கிருந்து வடக்கே போக வாடகைக் கார் அவசியமா?

வடகரை:
அலையைத் தேடி அலைவதற்குக் கார் வேண்டும். பல வாடகை ஒப்பந்தங்களில், செப்பனிடாத சாலையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது என்ற வரி உள்ளே ஒளிந்திருக்கும். வடகரை மண்சாலைக்கும், தெற்கே ஹந்தியாவில் கொஃபேத்தேக்குப் போகும் சாலைக்கும் அது பொருந்தும். கையெழுத்திடும் முன் படியுங்கள். காரில் இடம் இருக்கும், வெட்சூட்டை அதில் காயப்போடலாம்.

லான்சரோத்தேப்பிரியை:
கொஃபேத்தேயில் குளிப்பதே ஆபத்து. அதைத் தொடக்கநிலையாளரிடம் எதற்காகப் பேசுகிறீர்கள்?

வடகரை:
நான் பேசியது காப்பீட்டை. படிக்காமலே மறுப்பது இந்த இழையில் தொற்றுநோயாகிவிட்டது.

குளிராதவன்:
கொர்ரலேஹோவுக்கு எதிரே உள்ள லோபோஸ் தீவின் வலதலையை (சறுக்குபவருக்கு வலப்பக்கமாக உடைந்து ஓடும் அலையை) பற்றி ஏன் ஒருவரும் சொல்லவில்லை? எரிமலையின் அடிவாரத்தைச் சுற்றி நீண்டு ஓடும் அலை அது. அதைப் பார்க்காமல் திரும்புவது பாவம். நான் அங்கேயும் அரைக்கால் சட்டையில்தான் சறுக்கினேன்.

வடகரை:
ஏனென்றால் கேட்டவர் பச்சை அலையை "ஓரளவு" பிடிப்பவர். லோபோஸ் பாறைமீது உடைகிறது, கூட்டமும் உண்டு, தொலைவும் உண்டு. மேலும் 2019 முதல் அந்தத் தீவில் கால் வைக்க முன்அனுமதி பெற வேண்டும். காலையில் 200 பேர், பிற்பகலில் 200 பேர் என்று வரம்பு இருக்கிறது. இவற்றுள் ஒன்றையும் சொல்லாமல் "பாவம்" என்கிறார், அரைக்கால் சட்டையை மட்டும் மறக்காமல் சொல்கிறார். பாறையில் உரசினால் தோலுக்கும் கல்லுக்கும் இடையில் மூன்று மில்லிமீட்டர் ரப்பராவது இருக்கும் என்பது வெட்சூட்டின் இன்னொரு பயன். கடல் முள்ளெலிகளும் அங்கே உண்டு. அவை பாலைத் தீவு என்று பார்த்து விலகிப் போவதில்லை.

குளிராதவன்:
சொல்லிக்கொண்டே இருங்கள். ஃபிளாக் பீச்சில் எடுத்த என் படத்தை இணைத்திருக்கிறேன். அரைக்கால் சட்டை, வெறும் மார்பு, முகத்தில் சிரிப்பு. நடுங்குவதாகத் தெரிகிறதா?

வடகரை:
உங்களுக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் கழுத்துவரை கறுப்பு ரப்பரில் இருப்பது தெரிகிறது.

குளிராதவன்:
அவர்கள் சறுக்குப் பள்ளி மாணவர்கள். பலகையோடு வெட்சூட்டையும் சேர்த்தே பள்ளிகள் வாடகைக்குக் கொடுக்கும், கொடுத்ததை மாட்டிக்கொண்டார்கள். அது தேவைக்குச் சான்று அல்ல.

நிதானி:
பள்ளியே கொடுக்கும் என்றால், பயணப்பை சுமந்து செல்லத் தேவையில்லை, ஆனால் அணியத்தான் வேண்டும். இருவர் சொன்னதிலும் பாதிப் பாதி பொருந்துகிறதே?

வடகரை:
எதுவும் பொருந்தவில்லை. அவர் சொன்னது "அரைக்கால் சட்டை போதும்" என்பது. மேலும், அந்தப் படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது? செப்டம்பர், அக்டோபரில் அங்கே நீர் 22, 23 டிகிரி வரை போகும். அப்போது எடுத்த படத்தைக் காட்டிப் பிப்ரவரிக்குச் சான்று சொல்ல முடியாது. தேதியைச் சொல்லுங்கள்.

குளிராதவன்:
என் படத்தின் தேதியை உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை.

லான்சரோத்தேப்பிரியை:
படத்தில் தெரியும் வேனில் எங்கள் தீவுப் பள்ளியின் சின்னம் இருக்கிறது. அது ஃபிளாக் பீச் அல்ல, ஃபமாரா.

குளிராதவன்:
ஒரு வேன் படகேறி வரக்கூடாதா?

வடகரை:
தேதியைச் சொல்லுங்கள்.