செங்காந்தளைப் புதரில் பார்த்ததுண்டா?

திண்டுக்கல்காரன்:
ஐப்பசி மழை விட்ட மறுநாள், சிறுமலைக்கு பைக்கில் போனோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தினால், சூரைப் புதர் உச்சியில் ஏதோ சிவப்பு. கிழிந்த சேலைத் துணி என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் காந்தள். பென்சில் பருமன்கூட இல்லாத தண்டு, இலை நுனிகளை முள்ளில் சுருட்டிப் பிடித்துக்கொண்டே ஆளுயரம் ஏறியிருந்தது. உச்சியில் பச்சை மொட்டு, அதற்குக் கீழே பாதி மஞ்சள் பாதி சிவப்பாக ஒன்று, அடியில் முழுச் சிவப்பு. வெவ்வேறு பூக்கள் இல்லை, ஒரே பூவின் வயசுதான்! குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் முதலில் வருவது, நம் மாநில மலர். இருந்தும் காட்டில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூலனூர் பக்கம்:
எங்களுக்கு இது கண்வலிக்கிழங்கு. பூவுக்காக யாரும் போடுவதில்லை, விதைக்குத்தான். அதிலிருக்கும் கோல்சிசின் கீல்வாத மருந்துக்குப் போகிறது. சூல்தண்டு ஒரு பக்கமாக மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். அதனால் காலையிலேயே ஆள் விட்டுப் பூப்பூவாக மகரந்தத்தை எடுத்துச் சூல்தண்டின் நுனியில் தொட்டுவிட வேண்டும், முதுகு ஒடிந்துவிடும். காட்டில் அந்த வேலையை வண்ணத்துப்பூச்சி பார்த்துக்கொள்கிறது, கூலி இல்லாமல். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நட்ட கிழங்கு காட்டில் தோண்டியதுதான். அப்பா சாக்குக் கணக்கில் வாங்கினார்.

புதுக்கோட்டை:
அப்பத்தா வீட்டுக் கிளுவை வேலியில் கார்த்திகை மாசம் தவறாமல் பூக்கும். ‘பூவைப் பாரு, கிழங்கைத் தொடாதே’ என்பார். கலப்பை மாதிரி வளைந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் வள்ளிக்கிழங்கு என்று சுட்டுத் தின்றுவிட்டான். சில மணி நேரம் ஒன்றுமில்லை, அப்புறம்தான் வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான், ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. இப்போது அங்கே கிளுவை இல்லை, கல்லுக்கால் நட்டுக் கம்பி போட்டாயிற்று. கம்பியில் ஏறும் என்று பார்த்தேன். வேலி மாற்றும்போதே கிழங்கும் மண்ணோடு போயிருக்கிறது.

திண்டுக்கல்காரன்:
எந்த வளைவு என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். மூலனூர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு சொல்ல மனசு வரவில்லை, கோவித்துக்கொள்ளாதீர்கள். மழை விட்டதும் மலையடிவாரப் புதர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடங்கள், கண்ணில் படும்.