பதில்: பதில்: நாக்கு அசைவு ஸ்கேன் – சொல் வேணும், வெள்ளிக்குள்ள

தஞ்சாவூர்: வணக்கம். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றவங்க நாக்கு எப்படி அசையுதுன்னு எம்ஆர்ஐ எடுக்க ஒப்புதல் படிவம் தமிழ்ல எழுதறேன். நோய்ப் பேரு "தூக்க மூச்சுத்திணறல்"னு போட்டிருக்கேன். மெஷினே நாக்குத் தசை மேல கட்டங்கட்டமா காந்தக்கோடு போடும், மூச்சு இழுக்கறப்ப கோடு நெளியறத வச்சு எந்தப் பகுதி முன்னாடி வருது எது சும்மா கெடக்குதுன்னு பாப்பாங்க. 1988-89ல இதயத்துக்கு வந்த முறை, பேரு டேக்கிங். "குறியிடல்"னு போட்டேன், படிச்ச ஒரு அம்மா "நாக்குல பச்சை குத்துவீங்களா"ன்னு கேட்டுட்டாங்க.

கும்பகோணம்: முதல்ல நோய்ப் பேரத் திருத்துங்கம்மா. மூச்சுத்திணறல்னா மூச்சு கஷ்டப்பட்டாவது ஓடுது. இங்கிலீஷ்ல இதுக்கு ஸ்லீப் அப்னியான்னு பேரு. அப்னியா கிரேக்கம், மூச்சில்லாமை, குறைஞ்சது 10 நொடி காத்து நிக்கணும். வாய்க்கால்ல தண்ணி குறையறதும் நிக்கறதும் ஒண்ணா? "துயில் மூச்சின்மை"ன்னு போடுங்க.

திருத்துறைப்பூண்டி: கடைமடைக்காரன் நான் சொல்றேன் சார், ரெண்டும் வேற வேறதான். ஆனா மூச்சின்மைன்னு பாத்தா ஆளு போயிட்டாருன்னுல்ல நெனப்பாங்க. எங்கப்பாவுக்கு இது இருக்கு, குறட்டை படார்னு நிக்கும், நாங்க முழிச்சு உக்காந்து எண்ணுவோம், அப்பறம் ஒரு செருமலோட திரும்ப வரும். அம்மா "அடைச்சுக்குது"ம்பாங்க. மூச்சடைப்பு, அவ்ளோதான்.

கும்பகோணம்: மூளையே மூச்சு விடச் சொல்லாம விடற வகையும் உண்டே, அதுல எங்க அடைப்பு?

தஞ்சாவூர்: எங்க படிவம் அடைப்பு வகைக்கு மட்டும்தான் சார். இன்னொண்ணு, ஸ்கேன் முழிச்சிருக்கறப்பதான், அதனால படத்துக்குத் "துயில்" ஒட்டாதீங்க.

திருவையாறு: படிவத்துல "நாவின் அடிப்பகுதி"ன்னு எழுதியிருக்கீங்க. தொல்காப்பியப் பிறப்பியல்ல ககார ஙகாரம் முதல்நா அண்ணம், சகார ஞகாரம் இடைநா, டகார ணகாரம் நுனிநான்னு பிரிச்சாச்சு. 'க' சொல்லிப் பாருங்க, தொண்டைய அடைக்கற இடம் அங்கதான். முதல்நா! நா-ங்கற வேர்லதான் கலப்பைக்கு நாஞ்சில்னு பேரு வந்ததுங்கறது என் முடிவு, கொழு நீட்டிக்கிட்டு இருக்கறதப் பாருங்க, மணிக்குள்ள தொங்கறதும் நாக்குதானே...

தஞ்சாவூர்: ஐயா, முதல்நான்னா பேஷண்ட் நுனின்னு எடுத்துக்குவாங்க. கலப்பைய அப்பறம் பாக்கலாம்.

திருத்துறைப்பூண்டி: ஒத்தை நாத்து நடவுக்கு சேத்துல மார்க்கர் உருட்டுவோம்ல, கால் மீட்டருக்கு ஒரு கட்டம். கோடு போட்ட கையோட தண்ணி தளும்புனா கட்டம் நெளியும், கொஞ்ச நேரத்துல அழிஞ்சே போயிடும். உங்க காந்தக்கோடும் அப்படித்தானே?

தஞ்சாவூர்: அதே அதே, அதுவும் ஓரிரு நொடியில மங்கிடும்! அப்ப "கட்டமிட்ட படம்"?

கும்பகோணம்: "உங்க நாக்குல கட்டம் போடுவோம்"னா நம்மூர்ல ஜாதகந்தான் ஞாபகம் வரும். கட்டம் சரியில்லன்னு சொல்லிட்டா பயந்துடுவாங்க.

திருத்துறைப்பூண்டி: சார் மணி பதினொண்ணு.

தஞ்சாவூர்: சரி, "தூக்க மூச்சடைப்பு", "கட்டக்கோட்டு நாவசைவுப் படம்"னு போட்டு, "தொடாம, வலிக்காம, மெஷின் போடற கோடு, தானா மறைஞ்சுடும்"னு ஒரு வரி சேத்துட்டேன். மூணு பேர் சரின்னாச்சு, அனுப்பறேன்.

திருவையாறு: முதல்நாவ விட்டது தப்பு, என் மறுப்ப எழுதி வச்சுக்கங்க. நாஞ்சில் பத்தி தனி மடல் வருது.