கப்பலில் பால்கனி அறைக்குக் கூடுதல் காசு கட்டியவர்கள், கட்டாதவர்கள்: அனுபவம் சொல்லுங்கள்

சியாட்டில்வாசி:
ஜூலையில் அலாஸ்கா கப்பல் போட்டிருக்கிறோம். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவது, நடுவில் கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே, கடைசி இரவு விக்டோரியா. திருச்சியிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களுக்கான கனடா விசாவும் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. (சில மணி நேரம் விக்டோரியாவில் நிற்பதற்கு எதற்கு இத்தனை பாடு என்று அப்பா கேட்டார். அமெரிக்காவில் 1886-ல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது: வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் இங்கே ஆளை ஏற்றி இங்கேயே இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும்.) எடுத்திருப்பது இரண்டு அறை, இரண்டுமே ஜன்னல் இல்லாத உள் அறை, எதிரெதிரே. இப்போது கப்பல் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது, பால்கனி அறைக்கு ஏலம் கேட்கலாமாம், ஒரு ஆளுக்குக் குறைந்தது 200 டாலர். "தூங்கத்தானே போகிறோம், அதற்கு எதற்குப் பால்கனி" என்கிறாள் மனைவி. எனக்கு மனசு கேட்கவில்லை. மாறிப் பார்த்தவர்கள், மாறாமலே போனவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

கப்பல்பைத்தியம்:
முதலில் கணக்கு. 200 என்று போட்டிருப்பது ஒரு ஆளுக்கு. அறைக்கு இரண்டு பேர் என்றால் 400, இரண்டு அறைக்கும் கேட்டால் 800, எல்லாமே நீங்கள் ஏற்கெனவே கட்டியதற்கு மேல். அந்தப் பக்கத்தில் சிவப்பிலிருந்து பச்சைக்கு ஓடும் ஒரு முள் இருக்கும், குறைவாகக் கேட்டால் "வாய்ப்பு குறைவு" என்று பயம் காட்டும். அதைப் பார்த்து ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், நம்மை ஏற்ற வைக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, அதே கப்பல் அதே தேதிக்கு இன்றைக்குப் பால்கனி என்ன விலை என்று பாருங்கள். உங்கள் அறைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஏலத் தொகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றால் போன் செய்து நேரடியாக மாற்றிவிடுவது மேல், ஏனென்றால் அப்போது அறை எண்ணை நாமே பார்த்து எடுக்கலாம். ஏலத்தில் அது அவர்கள் இஷ்டம். நம் தொகையை ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் மாற்றலாம், விலக்கிக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் கார்டில் காசு போய்விடும், அப்புறம் பேச்சே இல்லை.

இரண்டாவது, அலாஸ்கா என்றால் எல்லாமே ஒன்று இல்லை. வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் தீவுகளுக்கு இடையிலான வழியில் போகும், இரண்டு பக்கமும் காடு, அருவி, மலை, பால்கனியில் உட்கார்ந்தால் நாள் போவதே தெரியாது. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் போகின்றன. முதல் நாள் முழுக்கச் சாம்பல் நிறத் தண்ணீர்தான், ஆட்டமும் கூட. பால்கனிக்காரரும் உள் அறைக்காரரும் அன்றைக்கு ஒரே கதிதான்.

பனிப்பாறை பார்க்கும் நாள் வேறு விஷயம். உங்கள் கப்பல் கிளேசியர் பே போகிறதா, இல்லை எண்டிகாட் ஆர்ம் என்ற ஒடுங்கிய மலையிடைக் கடல்வழிக்குப் போகிறதா என்று பாருங்கள். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு பெரிய கப்பல்களைத்தான் விடுகிறார்கள், பூங்கா ரேஞ்சர்களே கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள். மார்ஜரி பனிப்பாறைக்கு முன்னால் கப்பல் நின்று மெதுவாகத் திரும்பும், அதனால் எந்தப் பக்க அறை என்ற கவலை வேண்டாம். நான் பால்கனி எடுத்திருந்தேன், ஆனாலும் அன்று பாதி நாள் மேல் தளத்தில்தான் நின்றேன். பனி பிளக்கும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது, அங்கேதான் எல்லாப் பக்கமும் தெரியும். என் வீட்டுக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பால்கனியை விட்டு நகரவே இல்லை. அவருக்கு அந்தக் காசு செரித்துவிட்டது. எனக்குப் பால்கனி பிடித்தது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், ஜூன் கடைசியில் ஜூனோ பக்கம் பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

உட்லண்ட்ஸ் அம்மா:
நான் சிங்கப்பூர்க் கதை சொல்கிறேன் தம்பி. மரினா பேயில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் குட்டிப் பயணம், பள்ளி விடுமுறையில். அதற்கெல்லாம் உள் அறையே தாராளம். மலாக்கா நீரிணை பெரும்பாலும் குளம் மாதிரி அமைதி, பார்க்கவும் சரக்குக் கப்பல்களைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருமுறை பால்கனிக்கு மாறினோம். கதவைத் திறந்தால் ஏசி தானாக நின்றுவிடுகிறது, பல கப்பல்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், வெளியே புழுக்கம், கேமரா லென்ஸில் ஆவி படிந்து ஒரு படம் கூடத் தெளிவாக வரவில்லை. பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு வந்தால்தானே அறையைப் பார்க்க. குவாண்டம் ரகக் கப்பல்களில் உள் அறைச் சுவரிலேயே தரையிலிருந்து கூரை வரை திரை வைத்து வெளியே நடப்பதை நேரலையாகக் காட்டுகிறார்கள், என் சின்னவனுக்கு அது நிஜப் பால்கனியைவிடப் பிடித்துப்போனது. நிஜமாகக் குதித்துவிடுவானோ என்ற பயமும் எனக்கு இல்லை.

ஆனால் மாமியாரை அழைத்துப் போனபோது கதை வேறு. மூட்டு வலி, கூட்டம் ஆகாது, புக்கெட்டில் படோங் கடற்கரைக்கு டெண்டர் படகில் (நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் சின்னப் படகு) ஏறி இறங்க வேண்டும், அவரால் முடியாது என்று கப்பலிலேயே இருந்துவிட்டார். அறையை விட்டு வெளியே வராத ஆளுக்கு ஜன்னல் இல்லாத அறை எடுத்துக் கொடுத்தால் அது பாவம். உங்கள் அப்பா அம்மா எப்படி, நடப்பார்களா, அறையிலேயே இருப்பவர்களா? அதைச் சொல்லாமல் எங்களிடம் பதில் கேட்டால் எப்படி?

துபாய்க் கணக்குப்பிள்ளை:
ஏலத்தில் எடுத்த பால்கனியால் தூக்கம் போன கேஸ் நான். கம்பெனி பெயர் வேண்டாம். குளிர்காலத்தில் துபாயிலிருந்து கிளம்பும் வளைகுடாப் பயணம். மெயில் வந்தது, கேட்டோம், கிடைத்தது, வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஏறிப் பார்த்தால் நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே அறை. விடியற்காலையில் குளத்தைக் கழுவி சாய்வு நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போடுவார்கள், கர்ர் கர்ர் என்று தலைக்கு மேலேயே. ராத்திரி அங்கேயே டிஜே. வரவேற்பு மேசையில் போய்ச் சொன்னால், கப்பல் நிறைந்துவிட்டது, ஏல அறையை மாற்ற முடியாது, ஒப்புக்கொண்ட விதிமுறையிலேயே இருக்கிறது என்று ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். எங்கள் பழைய உள் அறை மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளத்தில் இருந்தது, அது எவ்வளவு பெரிய வரம் என்பது யாரும் விளம்பரத்தில் போடாத விஷயம். கப்பலின் தள வரைபடம் இணையத்திலேயே கிடைக்கிறது. மேலே குளம், பஃபே, கீழே தியேட்டர், டான்ஸ் கிளப், முன்முனையில் நங்கூரச் சங்கிலி, இவற்றுக்குப் பக்கத்து அறை வந்தாலும் வரும் என்று தெரிந்தே ஏலம் கேளுங்கள். சில பால்கனிகளுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும், அதுவும் "கடல் பார்த்த அறை"தான் கணக்கில்.

மயிலாப்பூர் தாத்தா:
கப்பல் ஆட்டத்தைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. 2023-ல் சென்னையிலிருந்து ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று எம்பிரஸ் கப்பல் விட்டார்கள் அல்லவா, அதில் நானும் வீட்டுக்காரியும் போனோம். 1990-ல் ஓடத் தொடங்கிய கப்பல் அது, அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி அறைகளே குறைவு. மேல் தளம்தான் உசத்தி என்று ஏஜென்ட் சொன்னார். வேண்டாம், கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் ஜன்னல் அறை கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து கொல்லிமலை ஏறியவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முன்னும் பின்னும் ஏறி இறங்கும், மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும், நடுவிலும் கீழேயும்தான் குறைவு. அத்துடன் கண்ணுக்குத் தொடுவானம் தெரிந்தால் தலைசுற்றல் அவ்வளவாக வராது, உள் அறையில் அந்த வசதி இல்லை. வங்காள விரிகுடாவில் அலை எழும்பிய ராத்திரி மேல் தளத்து நண்பர் தம்பதி எங்கள் அறை சோபாவில் வந்து படுத்துக்கொண்டார்கள். அவர்கள் எங்களைவிட நிறையக் காசு கட்டியவர்கள்!

திறந்த பசிபிக் என்று மேலே ஒரு அம்மணி சொல்லியிருக்கிறார். உங்கள் அப்பா அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா தெரியாது என்றால், பால்கனியையும் உள் அறையையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள ஜன்னல் அறை என்ன விலை என்று கேளுங்கள். அவோமின் போன்ற மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி வையுங்கள், குமட்டல் வந்த பிறகு போட்டால் அவ்வளவு கேட்காது, தூக்கமும் வரும்.

ஈஸ்ட்ஹாம்காரன்:
நான் உள் அறைக் கட்சி. மத்தியதரைக் கடல் பயணத்தில் காலையில் ஒரு துறைமுகம், ராத்திரி ஓட்டம், மறுபடி காலையில் இன்னொன்று. சிவிட்டவெக்கியாவில் இறங்கி ரயிலில் ஒரு மணித்தியாலம் போனால் ரோம், நேப்பிள்ஸில் இறங்கினால் பொம்பெயி. அறையில் இருந்தது நித்திரைக்கு மட்டும். மிச்சம் பிடித்த காசில் நான்கு பேரும் வழிகாட்டியுடன் கொலோசியம் பார்த்தோம், நல்ல இடத்தில் இருந்து சாப்பிட்டோம். வெனிஸுக்காகப் பால்கனி எடுக்கிறேன் என்று எவராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு வெனிஸின் பெரிய சதுக்கமான சான் மார்கோ முன்னால் போக அனுமதி இல்லை. பயணத்தின் பெயரில் வெனிஸ் இருக்கும், கப்பல் பல நேரம் ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ நிற்கும், பிறகு பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். பால்கனியில் இருந்து தெரிவது துறைமுகக் கிரேன்.

உள் அறைக்கு ஒரு வழி: லைட்டை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்ததா இல்லையா தெரியாது. டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா சனல் இருக்கும், சத்தத்தைக் குறைத்து அதை அப்படியே ஓட விடுங்கள், விடியும்போது அறையிலும் வெளிச்சம் வரும்.

தனிப்பயணி:
ஒரே ஒரு விஷயம். தனியாகப் போகிறவர்கள் இந்த ஏலத்தில் கவனம். நாம் ஏற்கெனவே கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணம் கட்டுகிறோம். "ஒரு ஆளுக்கு" என்று போட்ட ஏலத் தொகையையும் பல கம்பெனிகள் இரண்டால் பெருக்கித்தான் எடுக்கின்றன. விதிமுறையில் பொடி எழுத்தில் இருக்கும்.

ஸ்காபரோ தமிழ்ச்சி:
சூட் (கப்பலிலேயே பெரிய, விலை கூடிய அறை வகை) எடுத்தவர் ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கரீபியன் போனோம், பெரிய மனசு வைத்து சூட். அறை சரியான வடிவு, மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு உண்மையில் பயன்பட்டது அறை இல்லை, ஏறுகிற இடத்தில் தனி வரிசையும், டெண்டர் படகுக்கு முன்னுரிமையும். அப்பா வெயிலில் நிற்கத் தேவை வரவில்லை. சூட் ஆட்களுக்கு மட்டும் என்று ஒரு தனி உணவகம், அம்மா சுத்த சைவம், அங்கே அவருக்குத் தெரிவு குறைவு. இரண்டாம் நாளே எல்லோரும் சாப்பிடும் பெரிய சாப்பாட்டு மண்டபத்துக்குத் திரும்பி வந்துவிட்டோம். அங்கே தலைமைப் பரிமாறுபவரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் மறுநாள் பருப்பும் கறியும் செய்து தருகிறார்கள், உள் அறைக்காரருக்கும் அதே சாப்பாடுதான். இன்னொன்று, நாள் கணக்கில் ஆளுக்கு எடுக்கிற டிப்ஸ் சூட்டுக்கு அதிகம். ஏலத் தொகையில் அது சேராது, பிறகு பில்லில் வரும்.

சியாட்டில்வாசி:
எல்லாருக்கும் நன்றி. உட்லண்ட்ஸ் அக்கா கேட்டதற்குப் பதில்: அம்மா நன்றாக நடப்பார், அப்பா பேப்பரும் கையுமாக உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். எங்கள் கப்பல் எண்டிகாட் ஆர்ம் பக்கம்தான் போகிறதாம், இப்போதுதான் பார்த்தேன். அவர்கள் அறைக்கு மட்டும் குறைந்தபட்சத்துக்குச் சற்று மேலே கேட்கலாம் என்று நினைக்கிறேன், நாங்கள் உள் அறையிலேயே இருந்துகொள்வோம்.

கப்பல்பைத்தியம்:
ஒரு நிமிடம், அனுப்புவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். ஒரு அறைக்கு மட்டும் ஏலம் கிடைத்தால் அவர்கள் வேறு தளத்துக்கு, வேறு கோடிக்குப் போய்விடலாம். நீங்கள் ஐந்தாம் தளத்தின் முன்பக்கம், அவர்கள் பத்தாம் தளத்தின் பின்பக்கம் என்று கூட வரும். ராத்திரி அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்பதையும் யோசியுங்கள். எதிரெதிரே அறை முக்கியம் என்றால் ஏலமே வேண்டாம், போன் செய்து, அவர்கள் அறையை மட்டும் நடுப்பகுதியில் பால்கனியாகவோ ஜன்னல் அறையாகவோ, உங்கள் தளத்திலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். நடைபாதையின் உள்பக்கம் உங்கள் அறை, வெளிப்பக்கம் அவர்கள் அறை என்று அமைந்துவிடும்.

சியாட்டில்வாசி:
போன் செய்தேன். எங்கள் தளத்திலேயே, நான்கு கதவு தள்ளி, நடுப்பகுதியில் ஒரு பால்கனி இருக்கிறதாம். ஏலத்தில் போடுவதாக இருந்த தொகையைவிடக் கொஞ்சம் கூட. நாளை மாலை வரை பிடித்து வைத்திருக்கிறார்கள். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.