சிவப்புச் சீமெந்துத் தரையில மெழுகுதிரி ஊத்துண்டு போச்சு

உப்புவெளியில இருந்து கேக்கிறன். முந்தாநாள் இரவு கரண்ட் போன நேரம் மகன் மெழுகுதிரியைத் தட்டி விட்டிட்டான். அம்மம்மா காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரையிலயும் மேசைச் சீலையிலயும் மெழுகு. கத்தியால சுரண்ட, தரையில வெள்ளைக் கீறல் விழுந்திட்டுது. என்ன செய்ய?

மறுமொழி:
ஐயோ, கத்தி வேண்டாம் தங்கச்சி! ஐஸ் கட்டியைச் சொப்பின் பையில போட்டுப் பத்து நிமிஷம் மேல வையுங்கோ. மெழுகு இறுகினாப் பிறகு பழைய பாங்க் காட் விளிம்பால நெம்ப, துண்டாக் கழண்டு வரும். கீறலுக்குச் சிவப்புப் பொலிஷ்.

மறுமொழி:
சீலைக்கு அயன் பெட்டிதான். மேலயும் கீழயும் வெள்ளைத் தாள் வைச்சு இளஞ்சூட்டில அழுத்துங்கோ. பரஃபின் 60 பாகை அளவில உருகித் தாளில ஊறிவிடும். நியூஸ் பேப்பர் வைக்காதேங்கோ; என்ர வேட்டியில தலைப்புச் செய்தி இன்னும் கிடக்கு.

கேட்டவர்:
தரை சரி அக்கா. சீலையில மெழுகுதிரியின்ர சிவப்புச் சாயம் மட்டும் மிச்சம்.

மறுமொழி:
பஞ்சில சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒத்துங்கோ, தேய்க்காதேங்கோ. முதல்ல ஓரத்தில ஒருக்காப் பாருங்கோ.